வீடு ப்ளேனோவில், ஸ்கூல் ஃப்ரிஸ்கோவில்

டாலஸ் பக்கம் வீடு தேடும் நம்மவர்களிடம் "எந்த ஏரியா பாக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர் வராது. "ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி", "கொப்பெல் ஐஎஸ்டி", "ப்ராஸ்பர் ஐஎஸ்டி" என்றுதான் பதில் வரும். ஐஎஸ்டி என்றால் இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு. எத்தனை பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசலா, பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். டெக்சஸில் கிண்டர்கார்டன் சேர செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும். எங்கள் பையனுக்கு அந்த வருடம் ஜூலையில் முடிந்தது. ஆகஸ்டில் பள்ளி திறக்குமுன் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று என் கணவர் நாள் குறித்துவிட்டார். அதனால் நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

அப்போது இர்விங்கில், வேலி ரான்ச்சில் வாடகைக்கு இருந்தோம். அங்கே இருப்பவர்களுக்கு இந்த எல்லைத் தகராறு பழக்கமானதுதான். நகரம் இர்விங். ஆனால் வேலி ரான்ச்சின் ஒரு பகுதி கொப்பெல் ஐஎஸ்டி, இன்னொரு பகுதி கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஐஎஸ்டி. வேலி ரான்ச் எலிமென்டரி என்ற தொடக்கப் பள்ளி முதலாவதைச் சேர்ந்தது, டாம் லாண்ட்ரி எலிமென்டரி இரண்டாவதைச் சேர்ந்தது. இர்விங் ஐஎஸ்டி என்றே ஒன்று தனியாக இருக்கிறது. வேலி ரான்ச்சில் அதன் பேச்சே கிடையாது. பார்க்கில் ஒன்றாக ஊஞ்சலாடும் பிள்ளைகள் காலையில் வெவ்வேறு டிஸ்ட்ரிக்ட் பஸ்ஸில் ஏறுவார்கள். வாடகைக்கு இருக்கும்வரை இது வேடிக்கையாக இருந்தது. முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடப் போகிறோம் என்றதும் வேடிக்கை போய்விட்டது.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டெக்சஸில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நகராட்சிக்குக் கீழே வருவதில்லை, நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டிக்குக் கீழேயும் வருவதில்லை. பெயரிலேயே இன்டிபென்டன்ட் என்று இருக்கிறதே, அதுதான் காரணம். அதற்கென்று தனியாகத் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு உண்டு, தனி வரி உண்டு, தனி எல்லை உண்டு. இந்த எல்லைகள் பெரும்பாலும் இங்கெல்லாம் பருத்திக் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த காலத்தவை. சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவானவை. பிறகு நகரங்கள் பக்கத்து நிலங்களை வளைத்துப் போட்டு வளர்ந்தன. பள்ளி எல்லை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. நகரம் ஒரு வயலைச் சேர்த்துக்கொண்டால் போலீஸும் குடிதண்ணீரும் மாறும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மாறாது.

ஃப்ரிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கிறது. ஊருக்குள் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி தவிர, மேற்கே கொஞ்சம் லிட்டில் எல்ம் ஐஎஸ்டி, தென்மேற்கு ஓரத்தில் லூயிஸ்வில் ஐஎஸ்டி, வடக்கே ப்ராஸ்பர் ஐஎஸ்டி. 2020இல் திறந்த ராக் ஹில் ஹைஸ்கூலின் முகவரி ஃப்ரிஸ்கோ. நடத்துவது ப்ராஸ்பர் ஐஎஸ்டி. மறுபக்கம், 2021இல் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி திறந்த எமர்சன் ஹைஸ்கூல் இருப்பது மெக்கின்னி நகர எல்லைக்குள். ஃபவுலர் மிடில் ஸ்கூலும் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டிதான், இருப்பதோ ப்ளேனோவில். "ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கினால் ஃப்ரிஸ்கோ ஸ்கூல்" என்ற கணக்கு இரண்டு பக்கமும் உதைக்கும்.

நாங்கள் முதலில் மனதைப் பறிகொடுத்த வீடு மேற்கு ஃப்ரிஸ்கோவில் இருந்தது. பின்னால் பெரிய ஓக் மரம், சமையலறைக்குக் காலை வெயில். விற்பனை அறிவிப்பில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற இடத்தில் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி என்று பளிச்சென்று போட்டிருந்தது. தள்ளி ஒரு மூலையில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், "தகவல்களை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. நான் பழைய ஆடிட்டர் ஆபீஸ்காரி. இந்த மாதிரி வரியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

சரிபார்க்கப் போன இடம்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. டெக்சஸில் ஒவ்வொரு கவுண்டிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற அலுவலகம் உண்டு. வீடு, மனைகளுக்கு வரிக்காக மதிப்புப் போடும் இடம். காலின் கவுண்டிக்கு காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், டென்டனுக்கு டென்டன் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். இணையதளத்தில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டுத் தேடலாம், காசு கிடையாது, லாகின் கிடையாது. தேடும்போது தெருப் பெயரோடு வரும் டிரைவ், லேன், கோர்ட் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், வெறும் பெயர் போதும். இல்லையென்றால் பல சமயம் ஒன்றும் வராது.

பக்கம் திறந்ததும் உரிமையாளர் பெயர், மனை எண், பிளாக், கட்டிய வருடம், சதுர அடி எல்லாம் வரிசையாக வரும். கீழே இறங்கினால் டாக்சிங் யூனிட்ஸ் என்றோ அதைப் போன்ற தலைப்பிலோ ஒரு சின்ன அட்டவணை. அந்த மனைக்கு யார் யாரெல்லாம் வரி போடுகிறார்கள் என்ற பட்டியல். நாங்கள் பார்த்த வீட்டுக்கு மூன்றே வரி. டென்டன் கவுண்டி. ஃப்ரிஸ்கோ நகரம். லிட்டில் எல்ம் ஐஎஸ்டி.

வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. வரி வாங்குகிற டிஸ்ட்ரிக்ட் எதுவோ அதுதான் அந்த வீட்டின் டிஸ்ட்ரிக்ட். வீட்டு விற்பனைத் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அறிவிப்பில் இருப்பது யாரோ தட்டச்சு செய்தது. ஜிப் கோடு தபால்காரர் வசதிக்காகப் போட்டது. வரிப் பட்டியலில் தவறு இருந்தால் ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு வருடா வருடம் பணம் நஷ்டம். அதனால் அதைக் கவனமாக வைத்திருப்பார்கள் என்று நம்பலாம். இது என் ஆடிட்டர் புத்தி.

எங்கள் ஏஜென்ட் தஞ்சாவூர்க்காரர், பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். போன் போட்டேன்.

"அண்ணா, லிஸ்டிங்ல ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டினு போட்டிருக்காங்க. டாக்ஸ் ரெகார்டுல லிட்டில் எல்ம் இருக்கே?"

"அப்படியா? இருங்க, பாக்கறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. "ஆமாம்மா. விக்கிறவங்க ஏஜென்ட் தப்பா போட்டிருக்காங்க. டாக்ஸ் ரெகார்டுதான் கரெக்ட்."

"லிட்டில் எல்ம் எப்படிண்ணா இருக்கும்?"

"அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா."

அவர் நழுவுகிறார் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி, இனம், மதம், பூர்வீக நாடு போன்றவற்றை வைத்து வாங்குபவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதோ ஒரு பகுதியிலிருந்து விலக்குவதோ சட்டவிரோதம். "அந்த ஸ்கூல் நல்லா இருக்காது" என்பது பல சமயம் "அங்கே இருக்கும் ஆட்கள் சரியில்லை" என்பதன் வேறு வடிவமாகிவிடுவதால், விவரம் தெரிந்த ஏஜென்ட் பள்ளியைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல மாட்டார். எங்கே பார்க்கலாம் என்று மட்டும் காட்டுவார். "இந்த ஸ்கூல் சூப்பர், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று அடித்துச் சொல்லும் ஏஜென்டிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

லிட்டில் எல்மைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்ல வரவில்லை. அங்கே படிக்கும் நண்பர்களின் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் அறிவிப்பில் ஒன்றைக் காட்டி அதற்கான விலை கேட்கும்போது, கொடுக்கப்போவது வேறு என்றால் கணக்கு இடிக்கிறது. அதே அளவு, அதே வயதுள்ள வீடு எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே விலைக்குப் போவதில்லை. ஓக் மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம்.

அந்தச் சமயம் அப்பா சிவகங்கையிலிருந்து வந்திருந்தார். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைத் தகராறு என்றால் காபி கூட மறந்துவிடுவார்.

"ஊரு ஃப்ரிஸ்கோ, பள்ளிக்கூடம் லிட்டில் எல்மா? இதென்னம்மா, வாசல் ஒரு ஊர்லயும் கொல்லப்புறம் ஒரு ஊர்லயுமா?"

அடுத்து நாங்கள் பார்த்தது வடக்கே, 380 நெடுஞ்சாலைப் பக்கம், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பு. விற்பனை அலுவலகத்தில் சுவர் முழுக்க வண்ண வரைபடம், குக்கீஸ், குளிர்ந்த தண்ணீர் பாட்டில். கையேட்டில் "ஃப்ரிஸ்கோ முகவரி, தலைசிறந்த பள்ளிகள்" என்று இருந்தது. இரண்டும் உண்மைதான். எந்த ஐஎஸ்டி என்று மட்டும் எங்கேயும் இல்லை. விற்பனைப் பெண்ணிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே, "இந்தப் பகுதியில் எல்லாமே நல்ல ஸ்கூல்" என்றார். மனைக்கு இன்னும் கதவு எண்ணே வரவில்லை. அப்ரைசல் தளத்தில் எதைப் போட்டுத் தேடுவது?

"படத்த விடும்மா. சர்வே நம்பர் என்னன்னு கேளு," என்றார் அப்பா.

அமெரிக்காவில் ஏது சர்வே நம்பர் என்று என் கணவர் சிரித்தார். இருக்கிறது. டெக்சஸில் மனையாகப் பிரிக்காத நிலத்தை இன்றைக்கும் பழைய நில அளவைப் பெயரைச் சொல்லித்தான் பதிவு செய்கிறார்கள். இந்தப் பகுதி 1840களில் பீட்டர்ஸ் காலனி என்ற திட்டத்தில் குடியேறியவர்களுக்கு அளந்து கொடுத்த நிலம். முதலில் வாங்கிய ஆளின் பெயரில் ஒரு சர்வே, அதற்கு ஓர் அப்ஸ்ட்ராக்ட் எண், அதற்குள் டிராக்ட், இத்தனை ஏக்கர் என்று பதிவில் வரும். அப்ரைசல் தளத்தில் வரைபடத் தேடலும் உண்டு. படத்தைப் பெரிதாக்கி, அந்தக் குடியிருப்பு வரும் இடத்தில் இருக்கும் பெரிய நிலத்துண்டின் மேல் சொடுக்கினோம். ஏதோ ஒரு எல்எல்சி கம்பெனி பெயரில் பல ஏக்கர், விவசாய நில மதிப்பில் கிடந்தது. வரிப் பட்டியலில் ப்ராஸ்பர் ஐஎஸ்டி. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எங்க போனாலும் ரெகார்டு ரெகார்டுதான்," என்றார். அன்று இரவு வரை அந்தத் தளத்தில் ஒவ்வொரு நிலமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் இப்போது தெரியும்.

புது வீடு வாங்குபவர்களுக்கு இந்த வழிதான் சரி: முகவரி இல்லையென்றால் தாய் நிலத்தைப் பாருங்கள், அல்லது ஏற்கெனவே குடிவந்துவிட்ட பக்கத்துத் தெரு வீட்டைப் பாருங்கள். டெக்சஸ் கல்வித் துறையும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் லொகேட்டர் என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. எல்லைக் கோடு எப்படி வளைந்து போகிறது என்று பார்க்க அது வசதி. கோட்டுக்கு ஒட்டி இருக்கும் வீடென்றால் வரைபடத்தை நம்பாமல் வரிப் பதிவையே பாருங்கள். இன்னொன்று, காலி நிலத்தின் பழைய வரித் தொகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். விவசாய மதிப்பில் போட்ட வரி அது. வீடு கட்டிய பிறகு வருவது வேறு கதை.

ப்ராஸ்பர் ஐஎஸ்டியை நாங்கள் விட்டதற்குக் காரணம் டிஸ்ட்ரிக்ட் இல்லை. வேகமாக வளர்கிற, வருடா வருடம் புதுப் பள்ளி திறக்கிற டிஸ்ட்ரிக்ட் அது. அந்தக் குடியிருப்புக்கான எலிமென்டரி இன்னும் கட்டி முடியவில்லை, அதுவரை பிள்ளைகளை வேறொரு பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்புவோம் என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் சொன்னார்கள். முதல் வருடம் ஒரு பள்ளி, இரண்டாம் வருடம் வேறு பள்ளி என்று ஐந்து வயசுப் பையனை அலைக்கழிக்க மனசு வரவில்லை.

அங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது. எந்த டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு கேள்வி. அந்த டிஸ்ட்ரிக்டுக்குள் எந்தப் பள்ளி என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் நம் ஆட்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டிஸ்ட்ரிக்ட் எல்லை லேசில் மாறாது. பள்ளி எல்லை, அதாவது அட்டென்டன்ஸ் சோன், நிர்வாகக் குழு ஒரு மாலைக் கூட்டத்தில் வாக்களித்தால் மாறிவிடும். புதுப் பள்ளி திறந்தால் கோடு நகரும். ஒரு பள்ளி நிரம்பி வழிந்தால் கோடு நகரும்.

இப்போது பள்ளிகளை மூடுவதும் சேர்ந்துகொண்டது. 2024 ஜூனில் ப்ளேனோ ஐஎஸ்டி இரண்டு எலிமென்டரி, இரண்டு மிடில் ஸ்கூல் என நான்கை மூட முடிவு செய்தது. அதே டிசம்பரில் லூயிஸ்வில் ஐஎஸ்டி ஐந்து எலிமென்டரிகளை மூடத் தீர்மானித்தது. பள்ளி கட்டி மாளாது என்று பெயர் வாங்கிய ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டியே ஸ்டேலி மிடில் ஸ்கூலை 2024-25 கல்வியாண்டோடு நிறுத்தியது. பழைய தெருக்களில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பெற்றோர் வீட்டை விற்காமல் அங்கேயே இருக்கிறார்கள், விலை ஏறிய வீட்டை இளம் குடும்பத்தால் வாங்க முடியவில்லை. பள்ளி காலியாகிறது. "நடந்து போகிற தூரத்தில் எலிமென்டரி" என்பதற்காக மட்டும் இருபதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பவர்கள், அந்தப் பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், கட்டடம் எத்தனை பேருக்கானது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த எண்கள் நிர்வாகக் குழுக் கூட்ட ஆவணங்களிலேயே இருக்கும்.

எந்தப் பள்ளி என்று தெரிந்துகொள்ள வரிப் பதிவு உதவாது. டிஸ்ட்ரிக்டின் சொந்தத் தளத்தில் முகவரி போட்டால் எலிமென்டரி, மிடில், ஹைஸ்கூல் மூன்றும் வரும். அது எந்தக் கல்வியாண்டுக்கான விடை என்று கவனியுங்கள். மே மாதம் தேடினால் முடியப்போகிற வருடத்தின் விடை வர வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு போன் செய்யுங்கள். பள்ளிக்கு அல்ல, டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் மாணவர் சேர்க்கை அல்லது சோனிங் பார்க்கும் பிரிவுக்கு. "இந்த முகவரிக்கு எந்த ஸ்கூல்?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். நான் இப்படிக் கேட்டேன்: இந்த வீட்டை ஜூலையில் வாங்கினால், ஆகஸ்டில் கிண்டர்கார்டன் சேரும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி? அந்தப் பள்ளியில் இடம் இருக்கிறதா? அடுத்த இரண்டு வருடங்களில் இந்தப் பகுதிக்கு எல்லை மாற்றம் பற்றிப் பேச்சு இருக்கிறதா? பதிலை மெயிலில் அனுப்ப முடியுமா?

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. டெக்சஸ் சட்டப்படி கிண்டர்கார்டன் முதல் நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. டிஸ்ட்ரிக்ட் விலக்கு வாங்கலாம், ஆனால் எப்போதும் வாங்குவதில்லை. இடம் நிரம்பிவிட்டால் தாமதமாக வரும் பிள்ளையைப் பக்கத்தில் இடமுள்ள வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். ஓவர்ஃப்ளோ என்பார்கள். வீடு சோனுக்குள் இருந்தும், ஜன்னலைத் திறந்தால் பள்ளி தெரிந்தும், பிள்ளை மட்டும் இரண்டு மைல் தள்ளிப் படிக்கும் கூத்து இதனால்தான். ஆகஸ்டில் குடிவருபவர்கள் இதில் மாட்டுவது அதிகம்.

இதையெல்லாம் எப்போது செய்வது? ஆஃபர் கொடுக்கும் முன்பே வரிப் பதிவைப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. மற்றதை ஆப்ஷன் பீரியடுக்குள் முடியுங்கள். டெக்சஸ் ஒப்பந்தத்தில் ஒரு சிறு தொகை கொடுத்தால் சில நாட்கள் கிடைக்கும். அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். எல்லோரும் அந்த நாட்களில் கூரையையும் ஏசியையும் மட்டும் சோதிப்பார்கள். பள்ளி விவரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்கள் கடந்த பிறகு "ஸ்கூல் வேறயாம்" என்று கைவிரித்தால் எர்னஸ்ட் மணி, அதாவது ஒப்பந்தத்துக்குக் கொடுத்த முன்பணம், கையைவிட்டுப் போய்விடும்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் உறவினர்களிடம் பேசியபோது ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வில்லங்கம் இருப்பது தெரிந்தது. மேரிலாந்தில் இருக்கும் அத்தை மகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அங்கே மான்ட்கமரி, ஹாவர்ட் என்று கவுண்டியேதான் டிஸ்ட்ரிக்ட்; எந்தப் பள்ளி என்பது மட்டுமே கேள்வி. நியூ ஜெர்சியில் பெரும்பாலும் டவுன்ஷிப்பை ஒட்டிப் போகும், ஆனால் தபால் முகவரி ஏமாற்றும். பிரின்ஸ்டன் என்று முகவரி எழுதும் வீடுகளில் சில வெஸ்ட் வின்ட்சரிலும், பிளெய்ன்ஸ்பரோவிலும், சவுத் பிரன்ஸ்விக்கிலும் இருக்கின்றன. அங்கேயும் கேட்க வேண்டியது "எந்த ஊருக்கு வரி கட்டுகிறார்கள்?" என்பதுதான். கலிபோர்னியாதான் உச்சம். கூபர்டினோ பக்கம் எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஹைஸ்கூலுக்கு வேறு டிஸ்ட்ரிக்ட். அந்த ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் பெயர் ஃப்ரீமான்ட் யூனியன். ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நகரத்துக்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்று தனியாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து புதிதாக வருபவரிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

பள்ளிகளுக்குத் தரும் மதிப்பெண் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். விற்பனைத் தளங்களில் வரும் 10க்கு இத்தனை என்ற எண்ணில் 8க்கும் 9க்கும் வீட்டு விலை அளவுக்கு வித்தியாசம் இருப்பதாக நான் நம்பவில்லை. மாநிலம் ஏ முதல் எஃப் வரை தரும் தரவரிசை வழக்குகளால் தாமதமாகி, 2023, 2024, 2025 மூன்று வருடத்து முடிவுகளும் 2025இல்தான் வெளியாயின. அதுவரை ஊரே பழைய எண்களை வைத்து வீடு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கப் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வர வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு, 2026 சேர்க்கையிலிருந்து, முதல் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் கொண்டுபோய்க் குவித்தால் அந்த ஐந்துக்குள் யார் வருவது? ஐந்து வயசுப் பையனுக்கு இந்தக் கணக்கு அதிகம்தான். ஆனால் பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும்போதே இதைப் பேசுகிறார்கள்.

"அதெல்லாம் எதுக்கு, நண்பர் வீட்டு அட்ரஸ் கொடுத்துச் சேத்துடலாமே" என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். டெக்சஸில் சேர்க்கைக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், தவிர பிள்ளை படித்த காலத்துக்கான கட்டணத்தையும் பெற்றோரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சில டிஸ்ட்ரிக்டுகள் இப்போது வெளிப் பிள்ளைகளையும் முறையாக விண்ணப்பம் வாங்கிச் சேர்க்கின்றன. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நம் பொறுப்பு, இடம் இருந்தால்தான் கிடைக்கும். பள்ளிகள் காலியாக ஆக இது கூடும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் நாங்கள் வாங்கியது 121 டோல் ரோடுக்குத் தெற்கே, ப்ளேனோவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய வீடு. வரிப் பட்டியல் நான்கு வரி: காலின் கவுண்டி, காலின் காலேஜ் என்ற சமூகக் கல்லூரி, ப்ளேனோ நகரம், ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டி. குப்பை எடுப்பது ப்ளேனோ, நூலகம் ப்ளேனோ, பள்ளி ஃப்ரிஸ்கோ. இந்த நான்கில் பெரிய வரி ஸ்கூலுடையதுதான். மொத்தத்தில் பாதிக்கு மேல். அதனால் குடிவந்ததும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது நாமே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரி விலக்குக்கு, விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள். ஸ்கூல் வரி போடும்போது வீட்டு மதிப்பில் கழிக்கும் தொகை 2023இல் 40,000 டாலரிலிருந்து 100,000 ஆனது, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 140,000 ஆகிவிட்டது. விண்ணப்பம் இலவசம். வீடு வாங்கிய கையோடு, "உங்கள் விலக்கை நாங்கள் பதிவு செய்து தருகிறோம்" என்று அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று பணம் கேட்டு வரும். கிழித்துப் போடலாம்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று வீட்டுப் பத்திரம், தண்ணீர் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் எடுத்துப் போயிருந்தோம். தண்ணீர் பில்லில் பெரிதாக ப்ளேனோ நகரம் என்று அச்சடித்திருந்தது. அதை நீட்டும்போதே, "எங்க முகவரி ப்ளேனோதான், ஆனா..." என்று விளக்க ஆரம்பித்தேன். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த ஸ்கூல்ல முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு நகல் எடுக்கப் போனார்.